சிங்கனுக்கு உரிமம் உண்டா?

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்குச் சிற்றிலக்கிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. சிங்கன் வருகிறான், வயலில் மேயும் பறவைகளைப் பார்க்கிறான், நூவனைத் துணைக்கு அழைக்கிறான், கண்ணி வைக்கிறான், கையில் பறவையும் இல்லை, கண்ணெதிரே சிங்கியும் இல்லை என்று தவிக்கிறான். முப்பது ஆண்டுகளாக நான் சுவைத்துச் சுவைத்துக் கற்பித்து வரும் பகுதி அது. அன்றும் சுவை குன்றாமல்தான் கற்பித்தேன். பாடம் முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

“ஐயா, இன்றைக்குச் சிங்கன் இப்படிக் கண்ணி வைத்தால் பிடித்துச் சிறையில் போட்டுவிடுவார்களே! வெளியே வந்த பிறகு அவன் மறுபடி வேட்டையாட உரிமம் கேட்டால் கிடைக்குமா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நகைச்சுவையாகவே கேட்ட கேள்வி அது. ஆனால் மாலையில் பாசிர் ரிஸ் இரயில் நிலையத்தில் இறங்கி, பூங்காவின் ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டுப்பன்றிகளைக் கண்டால் விலகி நில்லுங்கள், அவற்றுக்கு உணவு கொடாதீர்கள் என்று நமக்குச் சொல்லப்படும் வட்டாரம் எங்கள் வட்டாரம். சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்பன்றிகள் இங்கே நடைபயின்றோரைத் தாக்கிய செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அப்பொழுதும் பாசிர் ரிஸ் வாசிகள் எவரும் துப்பாக்கி கேட்டுக் குரல் எழுப்பவில்லை. கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின் கீழ், குற்றம் புரிகையில் துப்பாக்கியால் சுட்டவனுக்கு மரண தண்டனை விதித்த நாடு இது. துப்பாக்கி ஓசை கேளாத தெருக்களில் என் பிள்ளைகளை வளர்த்தேன். அதற்காக நன்றியுடையவன் நான். ஆதலின் இக்கட்டுரையைத் துப்பாக்கிக்குப் பரிந்து பேசும் கட்டுரை என்று எவரும் கொள்ளவேண்டா.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் மிக அகன்றது. சுடுவது மட்டும் வேட்டையன்று. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும், துரத்துவதும், பறவையின் முட்டையைக் கலைப்பதும், இவற்றுக்கு முயல்வதும் வேட்டையே ஆகும். 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், தீங்கு செய்வன என்று தனியே குறிக்கப்பட்ட சில உயிர்களைத் தவிர, அட்டவணைகளில் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது அடியோடு தடைசெய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் காடுவாழ் மக்களுக்கு எத்தனையோ வழிவழி உரிமைகளை மீட்டுக் கொடுத்தது. அச்சட்டமும் வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. ஆகவே சிங்கனுக்கு வேட்டை உரிமம் கிடைக்காது. சிறைக்குப் போய் வந்தவன் என்பதற்காக அன்று; எவருக்குமே கிடைக்காது என்பதால். மாணவரின் கேள்விக்கு நேரான விடை இதுவே. காட்டில் உயிர்கள் அருகிவிட்டன. அவற்றைக் காக்க எழுந்த சட்டம் நல்ல சட்டம். அதனோடு எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு வேறு. அம்மாணவரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. சிறைக்குப் போய் வந்தவனுடைய தண்டனை எப்பொழுது முடிகிறது? கதவு திறந்த அன்றா? ஐந்து ஆண்டு கழித்தா? அன்றி, முடிவதே இல்லையா?

இந்திய ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டுச் சட்டம். வன்முறையோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்திற்காகச் சிறைத்தண்டனை பெற்றவன், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் ஐந்து ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. அதன்பின் அந்தத் தடை நீங்கும். உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் ஆய்வைப் பொறுத்தது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ, மூன்று ஆண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவனுக்கு ஆயுள் முழுவதும் தடை என்றும், மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுக்குள் விதிக்கப்பட்டவனுக்கு ஐந்து ஆண்டுத் தடை என்றும் குற்றத்தின் கனத்தை நிறுத்துப் பார்க்கிறது. அதே 1968இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் எதுவாயினும் சரி, ஒருமுறை தீர்ப்பாகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் துப்பாக்கி தொடக்கூடாது. கொலை செய்ய முயன்றவனும், உணவு உதவி பெறுவதற்காக விண்ணப்பத்தில் வருமானத்தைக் குறைத்துச் சொன்னவனும் ஒரே தராசில்! இவ்வாறு பொய் சொன்ன ஒருவர் கால் நூற்றாண்டுக்குப் பின், தமக்கு மான் வேட்டைக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று வழக்காடினார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முன்னாள் குற்றவாளி விண்ணப்பித்து விலக்குப் பெறச் சட்டத்திலேயே ஒரு வழி எழுதப்பட்டிருந்தும், 1992 முதல் அதற்குப் பணம் ஒதுக்காமல் அந்நாட்டுப் பேரவை அவ்வழியை அடைத்தே வைத்தது. சட்டத்தில் கதவு உண்டு. கதவைத் திறக்க நெடுங்காலம் ஆள் இருக்கவில்லை. அலுவலகங்களில் அலைந்து பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே அமெரிக்கச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னோ செய்யப்பட்ட துப்பாக்கியையும், கருமருந்தை வாய்வழியே கெட்டித்துச் சுடும் துப்பாக்கியையும் துப்பாக்கியாகவே கருதுவதில்லை. பழம்பொருள் என்று விட்டுவிடுகிறது. ஆதலால் அங்கே பல மாநிலங்களில், பெருங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரும் பழங்காலத்து வாய்மருந்துத் துப்பாக்கியோடு சட்டப்படி வேட்டைக்குப் போகலாம். நம் ஊர் நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கி எந்த வகை என்று எண்ணுகிறீர்கள்? அதே வகைதான். அங்கே குற்றவாளியின் கையில் இருந்தாலும் அது பழம்பொருள். இங்கே குற்றமே செய்யாதவனின் கையில் உரிமத்தாள் இன்றி இருந்தால் அது சிறை. 2019இல் வந்த திருத்தம் அச்சிறைத் தண்டனையை இன்னும் கூட்டியிருக்கிறது.

இவற்றுள் என் மனத்துக்கு உகந்தது கனடா நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 113ஆம் பிரிவு. ஆயுதத் தடைக்கு உள்ளான ஒருவர், தாமும் தம் குடும்பமும் உண்டு உயிர் வாழ்வதற்கே வேட்டையை நம்பியிருப்பதாக நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால், அந்தத் தேவை அளவுக்கு மட்டும் நீதிபதி தடையைத் தளர்த்தலாம். அவருடைய பழைய குற்றங்களையும், பிறர் பாதுகாப்பையும் கருதிப் பார்த்தே தளர்த்தலாம். எல்லோருக்கும் கொடு என்று சொல்லவில்லை. எவருக்கும் கொடாதே என்றும் சொல்லவில்லை. ஆளைப் பார், செயலைப் பார், அடுப்பைப் பார் என்கிறது. சட்டம் எழுதுகிறவன் ஏழை வீட்டு அடுப்பை ஒருகணம் நினைத்துப் பார்த்ததற்கு அச்சில் கிடைக்கும் சான்று அது.

இதுவரை கண்டவை எல்லாம் குற்றம் செய்தவனைப் பற்றியன. செய்யாதவனையும் குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம் ஒன்று நம் தாயகத்தில் இருந்தது. தமிழ் கற்பிக்கும் நாம் அதைப் பாடமாக நடத்துவதில்லை. நடத்தாதது நம் குறை.

1801இல் பாளையக்காரர் போர் ஓய்ந்ததும் கும்பினியார் தென்சீமை மக்களின் கையிலிருந்த ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கினர். மானை வீழ்த்த எறிந்த வளரியும் அவற்றோடு போயிற்று. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேண்டும் என்றது, வெள்ளையருக்கு விலக்களித்தது. இவற்றுக்கிடையே, 1871இல், வடக்கே குற்றப்பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளரும், குறவரும், இன்னும் பல குலத்தாரும் அதன் வலைக்குள் வந்தனர். ஒரு குலத்தைக் குற்றப்பரம்பரை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் போதும். அக்குலத்து ஆண்மகன் ஒவ்வொருவனும் காவல் நிலையத்தில் பெயரும் விரல்ரேகையும் பதியவேண்டும். இரவில் காவலர் கண்முன் படுத்துறங்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கவேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். தீர்ப்பு இல்லை, சாட்சி இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. காலம் இருந்தால்தானே முடிவு இருக்கும்?

உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவற்படை சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பெண். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாள் முன்னர் நிகழ்ந்தது இது. அமிர்தசரசு நம் மாணவர் எல்லோருக்கும் தெரியும். பெருங்காமநல்லூர் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எனக்குத் தெரியாது. நாற்பது வயதுக்குப் பிறகு, மதுரைப் பக்கத்து உறவினர் ஒருவர் அங்குள்ள நினைவுத் தூணைக் காட்டிச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் நீங்கியது. ஆனால் அதன் இடத்தில், வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்து அமர்ந்தது. பலகையில் பெயர் மாறியது. மேசையில் பதிவேடு மாறவில்லை. 1993இல் கடலூர்ப் பகுதியில் திருட்டுக் குற்றம் சுமத்திப் பிடிக்கப்பட்ட இராஜாகண்ணு என்னும் குறவர் காவலில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி நடத்திய நீண்ட வழக்கே 2021இல் ‘ஜெய் பீம்’ என்னும் திரைப்படமாக வந்தது. படத்தில் அவரை இருளர் ஆக்கிவிட்டார்கள். அது திரைக்கலைஞர்களின் உரிமை என்று சிலர் கூறலாம். ஒரு குலத்தின் துயரத்தை இன்னொரு குலத்தின் பெயரில் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2024 அக்டோபர் 3ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், சிறை விதிநூல்களில் சாதிவழி வேலை பிரித்த விதிகளை நீக்கியபோது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் தள்ளியது. சட்டம் போய் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதன் நிழலை நீதிமன்றம் துடைக்கவேண்டி இருந்தது!

சீர்மரபினர் என்னும் சொல்லைத் தமிழாசிரியர்கள் சற்றே நின்று பார்க்கவேண்டும். குற்றப்பரம்பரை என்ற பழஞ்சொல்லைத் துடைத்துவிட்டு ஆட்சித்தமிழ் அங்கே வைத்த சொல் அது. நல்ல சொல், சீர் உடைய மரபினர் என்று பொருள் கொண்டால் பெருமைக்குரிய சொல். ஆனால் மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் அரசு நடத்திய பள்ளிகளுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்றே பெயர். யாரை யார் சீரமைப்பது? கிணறும் சாலையும் பழுதுபட்டால் சீரமைக்கிறோம். குழந்தையைச் சீரமைப்பது எப்படி? அப்பள்ளிகளில் உண்மையாக உழைத்த நல்லாசிரியர் பலர். அப்பள்ளிகளால் எழுத்தறிந்து உயர்ந்த குடும்பங்கள் பல. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும், பள்ளியின் பெயர்ப்பலகையில் தன் பாட்டன் மேல் சுமத்திய பழியைப் படித்துக்கொண்டே உள்ளே நுழையும் குழந்தையை எண்ணிப் பார்க்கிறேன்.

எண்ணிப் பார்க்க எனக்குத் தகுதி உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இளம் ஆசிரியனாக இருந்த நாளில், இரைச்சலிட்ட வகுப்பைப் பார்த்து, “என்ன இது, குறவர் கூட்டம் மாதிரி?” என்று கத்தியவன் நான். ஒருமுறை அன்று, பலமுறை. ஒரு நாள் அவ்வாறு சொன்னபோது, தமிழகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்த ஒரு சிறுவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் இரைச்சல் போட்டவனே அல்லன். காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பல மாதங்கள் கழித்து அவனுடைய தந்தை பெற்றோர் சந்திப்புக்கு வந்தார். போகும்போது, “ஐயா, எங்க ஆளுங்க பேரை வகுப்புல வசவாச் சொல்லாம இருந்தாப் போதுங்க” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார். அந்தக் கூப்பிய கைகளுக்கு நான் இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை.

இனி, ஒரு பக்கம் மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாகாது. பிறப்பால் குற்றவாளி ஆனவர்கள் இருந்தது போலவே, பிறப்பால் துப்பாக்கி உரிமை பெற்றவர்களும் உள்ளனர். குடகு நாட்டுக் கொடவர்களுக்கும் அங்குள்ள சம்மா நில உடைமையாளர்க்கும் ஆயுதச் சட்டத்தின் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் அளித்த சலுகை அது. விடுதலை பெற்ற இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. 2019இல் வந்த அறிவிக்கை 2029 வரை அதனை நீட்டித்திருக்கிறது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் வீரக்குடியினர், துப்பாக்கி அவர்தம் பண்பாட்டின் கூறு, பூச்சூட்டி வழிபடுகிறார்கள் என்பது காரணம். மறுக்கவில்லை. கொடவர்மேல் எனக்குக் காழ்ப்பும் இல்லை. ஆனால் நரிக்குறவனுக்குத் துப்பாக்கி பண்பாடு இல்லையா? அவன் தோளில் தொங்கிய அந்தக் குழல், அவன் பாட்டன் தோளிலும் தொங்கவில்லையா? ஒருவனுடைய மரபைக் கண்டால் வீரம் என்றும், இன்னொருவனுடைய மரபைக் கண்டால் ஐயம் என்றும் எழுதுவதற்கு அரசின் பேனா எங்கே கற்றது?

அதற்கும் விடை வரலாற்றில் இருக்கிறது. 1879இல் நீலகிரிக்கென்று தனியே ஒரு வேட்டைச் சட்டம் இயற்றினார்கள். உரிமம் பெற்ற துரைமார் பருவம் பார்த்துச் சுடுவது விளையாட்டு ஆயிற்று. மலைமக்கள் வயிற்றுக்காக வைத்த கண்ணி களவு ஆயிற்று. உதகையில் துரைமார் குதிரையேறி, வேட்டைநாய்களைக் கூட்டிக்கொண்டு, சிவப்புக் கோட்டு அணிந்து எதைத் துரத்தினார்கள் தெரியுமா? இங்கிலாந்து நரி இங்கே இல்லை. ஆகவே நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். நரி வேட்டையாடிய துரைகளை நரித்துரை என்று எவரும் அழைத்ததில்லை. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, விருந்து இருந்தது, சுவரில் படம் இருந்தது. அதே நரியை உண்பதற்காகப் பிடித்தவனுக்கு மட்டும் நரி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் தம்மை வாக்ரி என்று அழைத்துக்கொள்கிறார்கள். பேசும் மொழி வாக்ரிபோலி. வடமேற்கு மொழிகளோடு உறவுடையது. குறிஞ்சித் திணையின் குறவரோடு அவர்களுக்குக் குருதி உறவில்லை என்பர் அறிஞர். பெயரும் நாம் வைத்ததே. கவுதாரி, காடை, நரி, காட்டுப்பூனை என்று பிடித்துத் தின்றும் விற்றும் வாழ்ந்தவர்களுக்கு 1972க்குப் பிறகு அந்தத் தொழில் படிப்படியாகக் குற்றம் ஆயிற்று. பாசிமணிக்கும் ஊசிக்கும் வந்தார்கள். திருச்சியை அடுத்த தேவராயநேரி போன்ற குடியிருப்புகளில் இன்று மணி கோத்துப் பிழைக்கிறார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்டையை எடுத்துக்கொண்டது விரைவாக நடந்தது. மாற்றுக் கொடுக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்த இடைவெளியில் ஒருவன் பசிக்குக் கண்ணி வைத்துப் பிடிபட்டால், அவனைக் குற்றவாளி ஆக்கியது கண்ணியா, இடைவெளியா?

1998இல் ராஜஸ்தானில் வெளிமான் கொன்ற வழக்கில் இந்தி நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இரண்டு இரவு சிறையில் கழித்துப் பிணையில் வெளிவந்தார், மேல்முறையீடு செய்தார். சட்டம் அவருக்கு அளித்தது எல்லோருக்கும் உரிய உரிமையே. பிணைக்கும் மேல்முறையீட்டுக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

நான் இக்கருத்தைத் தமிழாசிரியர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தபோது மூத்த நண்பர் ஒருவர் எழுந்து மறுத்தார். கைநீட்டி ஒருவனை அடித்தவன் கையில் எந்தக் காலத்திலும் ஆயுதம் கொடுக்கலாகாது. ஐந்து ஆண்டில் குணம் மாறும் என்பதற்கு யார் பிணை? என்றார். அவர் கேள்வி வலுவானது. தட்டிக்கழிக்க மாட்டேன். மனைவியை அடித்தவன், அண்டை வீட்டானை மிரட்டியவன், துப்பாக்கி காட்டிப் பறித்தவன் ஆகியோரிடமிருந்து ஆயுதத்தை விலக்குவதே முறை. 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், துணைவியை அச்சுறுத்தியதாக நீதிமன்றம் கண்டவனிடமிருந்து துப்பாக்கியை விலக்குவது செல்லும் என்றே தீர்த்தது. அத்தகையோனுக்கு ஆயுள் முழுதும் தடை என்றாலும் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் நண்பர் ஒன்றை மறந்தார். கைநீட்டியவனுக்கான தடையை, கண்ணி வைத்தவன் மீதும், பொய்க்கணக்கு எழுதியவன் மீதும், ஒன்றுமே செய்யாமல் ஒரு குலத்தில் பிறந்தவன் மீதும் போர்த்திவிட்டு, எல்லாம் பாதுகாப்புக்காக என்று சொல்வது சோம்பல். பாதுகாப்பு வேண்டுமானால் ஒவ்வொருவனையும் தனித்தனியே பார்க்கவேண்டும். அது உழைப்பு. நாற்பது விடைத்தாளையும் படித்து மதிப்பெண் போடாமல், முதல் தாளுக்குப் போட்ட எண்ணையே அடுக்கு முழுவதற்கும் போட்டால் அவரை ஆசிரியர் என்போமா?

இந்திய ஆயுதச் சட்டத்திலேயே நல்ல விதிகள் உறங்குகின்றன. பயிர்க் காவலுக்கு வாய்மருந்துத் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு வழிவிடும் விதி 13ஆம் பிரிவில் உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமம் மறுக்கக்கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஏழைக்கு இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டத்தை ஏழைக்குப் படித்துக் காட்டுவோர் இல்லை.

வேட்டைத் தடையும் வாழ்வும் ஒருங்கே நடக்க முடியும் என்பதற்குக் கண்கண்ட சான்று இருளர். பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள். தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டதும் நடுத்தெருவில் நின்றார்கள். 1978இல் சென்னையை அடுத்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அவர்கள் உரிமத்தோடு பாம்பு பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து பிறக்கிறது. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். எந்தக் கை குற்றக்கை என்று கருதப்பட்டதோ அந்தக் கைக்கே விருது! கை மாறவில்லை, கையைப் பார்த்த கண் மாறியது.

நரிக்குறவருக்கு ஏன் அவ்வாறு செய்யக்கூடாது? காட்டுப்பன்றி இன்று தமிழக உழவரின் கண்ணீர். 2022இல் கேரள அரசு, உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்களைக் கொண்டு ஊர்ப் பன்றிகளைச் சுட, உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் தந்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காட்டெல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. வனத்துறையினர் மட்டும்! தலைமுறை தலைமுறையாகப் புதர்மறைவில் காத்திருக்கக் கற்றவன், காற்றின் திசையறிந்து நடக்கத் தெரிந்தவன், அதே ஊரின் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்றுக்கொண்டு அமர்ந்திருக்கிறான். அவனுள் வன்முறைக் குற்றம் இல்லாதவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் உரிமமும் கூலியும் கொடுத்து, வனத்துறையின் கண்காணிப்பில் பணியமர்த்தினால் என்ன கெட்டுவிடும்? துப்பாக்கி இரவில் காவல் நிலையத்தில் இருக்கட்டும். நம் சிங்கப்பூரில் விளையாட்டு வீரர்கள் துப்பாக்கியை வீட்டுக்கா கொண்டுபோகிறார்கள்?

சிங்கப்பூர் என்றதும் நினைவு வருகிறது. நமக்கு இங்கே வேட்டையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆயினும் தண்டனை எப்போது முடிகிறது என்ற கேள்வி இங்கும் உண்டு. சிறு குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டுகள் தவறின்றி வாழ்ந்தால் அவருடைய பதிவு காலாவதியானதாகக் கொள்ள நம் சட்டம் இடம் தருகிறது. 2004 முதல் மஞ்சள் ரிப்பன் இயக்கமும் நடக்கிறது. செப்டம்பரில் சட்டையில் ரிப்பன் குத்திக்கொள்கிறோம். மறுவாரம், சிறையிலிருந்து வந்தவரின் பிள்ளை நம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தால் இடம் மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் வந்து கேட்கிறோம். என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். மாற்றித் தரவில்லை.

ஆசிரியத் தோழர்களே, ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவில் சிறுமியர்க்குக் கூடையும் பாசிமணியும் மாட்டிக் குறத்தி நடனம் ஆட விடுகிறோம். நானும் அரங்கேற்றியிருக்கிறேன். வள்ளி நம் தெய்வம், கண்ணப்பர் நம் நாயனார், சிங்கன் நம் சிற்றிலக்கியத் தலைவன். மேடையில் இருக்கும்வரை வேடனைப் போற்றுகிறோம். இறங்கி வந்து தெருவில் நின்றால் பைக்குள் என்ன என்று பார்க்கிறோம். இந்த முரணைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். பாடநூலில் அது அச்சிடப்படவில்லை.

அந்த மாணவருக்கு அடுத்த வாரம் விடை சொன்னேன். குற்றாலக் குறவஞ்சிப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முதல் மணியில் சிங்கனின் கண்ணியையும், இரண்டாம் மணியில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பெருங்காமநல்லூரையும் வைத்தேன். அன்று வகுப்பில் சிரிப்பு எழவில்லை. மணி அடித்த பின்னும் இருவர் எழாமல் உட்கார்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், தாம் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் இதே பாடத்தை இவ்வாறே நடத்தலாமா என்று கேட்டார். பாடத்திட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்று சொன்னேன். இடம் இல்லாவிட்டாலும் நடத்துமாறு சொல்லி, என் குறிப்புகளை அவரிடம் கொடுத்தனுப்பினேன்.